சின்னத்துரையின் லேஞ்சி

1. கத்தச் சொன்னார்கள்

முதல்நாள் படப்பிடிப்பில் என்னைக் கத்தச் சொன்னார்கள். கத்தினேன். பூம் மைக் பிடித்துக்கொண்டு நின்ற பெண் சிரித்துவிட்டார். இரண்டாவது டேக்கில் கமராக்காரர் சிரித்தார். மூன்றாவது டேக்கில், நான் யாரை மிரட்டிக்கொண்டிருந்தேனோ அந்த நடிகையே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இயக்குநர் நிரோஜன் என்னைவிட முப்பது வயது இளையவர். தொப்பியைக் கழற்றினார், அதை ஒருமுறை பார்த்தார், திரும்பப் போட்டார்.

“ஐயா, கோவிக்காதேங்கோ. நீங்கள் கத்தேக்கை பஸ்ஸை விட்டிட்டு நிக்கிற ஆள் மாதிரிக் கிடக்கு.”

“அப்ப என்ன செய்யிறது?”

“பயப்பிடுத்துங்கோ.”

“ஆரை?”

“முதல்லை என்னை.”

பத்து நிமிட இடைவேளை விட்டார்கள்.

நான் நடிக்கவென்று பிறந்தவன் அல்ல. பத்திரிகை ஒன்றில் அச்சுப்பிழை பார்க்கிற ஒப்புநோக்குநராகச் சேர்ந்து, பிறகு நீதிமன்றச் செய்தியாளராகி, அந்த வேலையிலேயே ஓய்வு பெற்றவன். நிரோஜன் தன் இணையத் தொடருக்காகக் காணி உறுதி எழுதும் முறைபற்றிச் சந்தேகம் கேட்க இணுவிலில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். சந்தேகம் தீர்ந்தது. போகும்போது படலையடியில் நின்று என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஐயா, இதிலை வில்லனாய் நீங்களே நடிச்சால் என்ன?”

உள்ளேயிருந்து என் மனைவி மங்கையின் குரல் வந்தது. “முகத்தைப் பாத்துத்தானே கேக்கிறியள், தம்பி?”

பாத்திரத்தின் பெயர் சின்னத்துரை. அவருடைய அக்கா கனடாவில் இருக்கிறார். காணியைப் பார்த்துக்கொள்ளவும் தேவைப்பட்டால் விற்கவும் தம்பிக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் அதற்கு அற்றோனித் தத்துவம் என்று பெயர். அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு தம்பி தன் பெயருக்கே கள்ள உறுதி, அதாவது பொய்ப் பத்திரம், எழுதிக் காணியை விழுங்குகிறார். விடுமுறையில் வந்த அக்கா கேள்வி கேட்கிறார். அந்தக் காட்சிக்குத்தான் நான் கத்திக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் மாமர நிழலில் இருந்து யோசித்தேன். நீதிமன்றத்தில் செய்தியாளருக்குப் போட்ட ஒரே மர வாங்கில் பல வருடங்கள் இருந்தவன் நான். எதிரிக்கூண்டில் நின்று கத்திய ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. கத்தியவர்கள் எல்லோரும் காணியை இழந்தவர்கள். காணி மோசடி வழக்கொன்றில் கூண்டேறியவர், தன்மேல் வழக்குப் போட்ட அண்ணியைப் பார்த்து, “சாப்பிட்டிட்டோ வந்தனீங்கள், அண்ணி?” என்று கேட்டார். உண்மையான அக்கறையோடு கேட்டார். அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. சட்டத்தரணி சிக்கலான கேள்வி கேட்டால், கண்ணாடியைக் கழற்றுவார். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, எடுத்து இரண்டு பக்கமும் துடைப்பார். போடுவார். பிறகு பொய் சொல்வார். துடைக்கிற நேரம் பொய்யைக் கட்டுகிற நேரம்.

நாலாவது டேக்கில் லேஞ்சியை எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில் சொன்னேன்.

“அக்கா, பிரயாணக் களைப்பு உங்களுக்கு. முதலிலை சாப்பிடுங்கோ. காணிக் கதையைப் பேந்து பாப்பம். நான் எங்கை போகப்போறன்?”

ஒருவரும் சிரிக்கவில்லை. நிரோஜன் ‘கட்’ சொல்ல மறந்துபோனார். பூம் மைக் பிடித்த பெண் மத்தியானச் சாப்பாட்டின்போது என்னிடமிருந்து இரண்டு கதிரை தள்ளி இருந்தார்.

“ஏன் பிள்ளை?”

“ஒண்டுமில்லை ஐயா. என்ரை மாமாவின்ரை ஞாபகம் வந்திட்டுது.”

2. உறுதி இருக்கும் இடம்

வில்லனாக நடிக்க விரும்புகிற இளையவர்கள் இப்போது என்னிடம் வருகிறார்கள். புருவத்தை உயர்த்திக் காட்டுகிறார்கள். சிரிக்கவும் செய்கிறார்கள், சாவி போடாத மோட்டார் சைக்கிளை உதைக்கிற சத்தம் வருகிறது. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஆள் காலையில் எழும்பி முதலில் என்ன செய்கிறார்?

சின்னத்துரை கள்ள உறுதியை எங்கே வைத்திருக்கிறார் என்று நிரோஜனிடம் கேட்டேன். “அலுமாரியிலை வைப்பம் ஐயா” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சின்னத்துரை அதைச் சாமி அறையில், படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, அந்தப் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நிற்கிறார். அக்கா சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறார். மனதாரத்தான் கும்பிடுகிறார். காணியைக் காப்பாற்றுகிறவர் தானே என்று அவர் நம்புகிறார். அவரைக் கெட்டவர் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிடுவார்.

இந்தத் தொழிலில் வேறு வசதிகளும் உண்டு. கதாநாயகன் வெயிலில் ஓட வேண்டும். வில்லனுக்குக் கதிரை போடுவார்கள். கதாநாயகனுக்கு வயது போகும். வில்லனுக்கு வயது வரும். ஓய்வு பெற்றபின் வேலை தொடங்கி, வயது கூடக் கூடக் கிராக்கியும் கூடுகிற தொழில் வேறு எனக்குத் தெரியாது.

இடையில் ஒருமுறை நல்லவனாகவும் நடித்தேன். இன்னொரு குழு எடுத்த குறும்படத்தில் நேர்மையான பள்ளிக்கூட அதிபர். படம் யூரியூப்பில் வந்தது. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: “இந்தாள் கடைசியில் ஏதோ செய்யப்போகிறார், பாருங்கள்.” அதற்குக் கீழே இன்னொருவர்: “முடிந்துவிட்டது, ஒன்றும் செய்யவில்லை. ஏமாற்றம்.”

3. அக்காவின் காணியும் விளைமீனும்

சின்னத்துரைக்கு அடர்ந்த தலைமுடி, மீசை, பொன்விளிம்புக் கண்ணாடி. எனக்குத் தலையில் ஒன்றும் இல்லை, மூக்குக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை, கண்ணாடி கறுப்புச் சட்டம். ஆகவே முகத்தை வைத்து என்னை எவரும் பிடிப்பதில்லை. குரல்தான் காட்டிக்கொடுக்கும்.

பருத்தித்துறை மீன் சந்தையில் ஒருநாள் விளைமீன் விலை கேட்டேன். மீன் விற்கிற அக்கா மற்றவருக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே கையை நிறுத்தினார்.

“இன்னொருக்காக் கேள்.”

“விளைமீன் என்ன விலை அக்கா?”

“அக்காவோ! உன்ரை வாயிலை அந்தச் சொல் வரலாமோ? அந்த மனிசி கனடாவிலை இருந்து வந்து அழுதிட்டுப் போகுது, நீ இஞ்சை மீன் வாங்கிச் சொதி வைக்கப்போறாய்.” நனைந்த சாக்கை இழுத்து மீன்களை மூடினார். “உனக்கு மீன் இல்லை.”

“அது நடிப்பு, அக்கா.”

“நடிப்போ? நடிக்கிறவன் அப்பிடி ஆறுதலாய் இருந்து கண்ணாடி துடைப்பானோ? நீ லேஞ்சியை எடுத்தால் எங்கடை வீட்டிலை எல்லாரும் ‘போச்சு, காணி போச்சு’ எண்டுதான் கத்துறது.”

சுற்றி நின்றவர்கள் நியாயம் கேட்கத் தொடங்கினார்கள். ஒருவர் எனக்காகப் பேசினார்: “விடு அக்கா, அவருக்கும் வயிறு இருக்குத்தானே.” இன்னொருவர், “காணியைத் தின்னட்டும்” என்றார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு மீன் கிடைத்தது. காணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த மாதத்துக்குள் கொடுப்பதாகச் சொல்லி, விளைமீனை வாங்கிக்கொண்டு வந்தேன். தொடர் இன்னும் முடியவில்லை. அந்தச் சந்தைப் பக்கம் நான் போய்க் கனகாலம்.

அப்போது எனக்கு இது பெருமையாக இருந்தது. மீன் சந்தையில் வாங்கிய பேச்சை மங்கைக்கு நடித்தே காட்டினேன். எங்கள் மகள் அபிராமி மட்டும் சிரிக்கவில்லை.

4. ஒரு மாசத்துக்கு நல்லவன்

காரணம் இருந்தது. அபிராமி பிரதேச செயலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். எதிர் மேசையில் சுதர்சன், உடுப்பிட்டிப் பெடியன். இரண்டு வருடங்களாக எதிர் மேசை. எங்களிடம் சொன்னாள், எங்களுக்குச் சம்மதம். அவர்கள் வீட்டில் சொன்னபோது அவனுடைய தாய் என் படத்தைத் தொலைபேசியில் பார்த்தார். பொன்விளிம்புக் கண்ணாடியோடு இருந்த படம்.

“ஐயோ, சின்னத்துரையோ சம்பந்தி?” என்றாராம். “கல்யாண வீட்டிலை அந்தாள் லேஞ்சியை எடுத்தால் எனக்கு நெஞ்சு நிண்டுபோம்.”

சுதர்சனுக்குத் தகப்பன் இல்லை. பெரியப்பாதான் எல்லாம். கந்தவனம் மாஸ்டர் என்று ஊரில் சொல்வார்களாம். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். பெரியப்பா போய் விசாரித்துவிட்டு வந்து ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை என்று தாய் முடிவாகச் சொல்லிவிட்டார். அபிராமியும் முடிவாகச் சொல்லிவிட்டாள்: “அவையள் வேண்டாம் எண்டால் நான் வேறை ஒருத்தரையும் கேக்கமாட்டன். நீங்களும் ஒருத்தரையும் கொண்டுவரக் கூடாது.”

எங்கள் பக்கத்தில் விசாரிப்பு என்பது ஒரு தனித் தொழில். விசாரிக்க வருகிறவர் வீட்டுக்கு வரமாட்டார். வரும் நாளைச் சொல்லமாட்டார். பஸ்ஸால் சந்தியில் இறங்குவார். தேத்தண்ணிக்கடையில், சலூனில், கோயில் வாசலில், பக்கத்து வீட்டு வளவில் இரண்டிரண்டு கேள்வி கேட்பார். அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். பாதிக் கல்யாணங்கள் அந்த இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் முடிவாகின்றன.

அபிராமி சாப்பாட்டு மேசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

“அப்பா, ஒரு உதவி. ஒரு மாசத்துக்கு நல்லவனாய் நடியுங்கோ.”

“நான் நல்லவன்தானே பிள்ளை?”

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“அதுதான் சொன்னனான்,” என்றாள் அபிராமி. “நடியுங்கோ. சந்திப் பக்கம் மட்டும் போகாதேங்கோ.”

5. தம்பிராசாவின் வாக்குமூலம்

சந்திக்குப் போனேன். இராசனின் தேத்தண்ணிக்கடையில் காலைப் பத்திரிகை படிப்பது என் வழக்கம். நாற்பது வருடப் பழக்கத்தை ஒரு மாதம் நிறுத்தினால் ஊரே விசாரிக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

வியாழக்கிழமை, பத்து மணி இருக்கும். பஸ் நின்று போனது. இறங்கிய மனிதர் வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை. சட்டைப் பையில் நீலப் பேனை ஒன்று, சிவப்புப் பேனை ஒன்று. சிவப்புப் பேனையைக் கண்டதும், கொப்பி திருத்திய ஆசிரியர், கந்தவனம் மாஸ்டரேதான் என்று விளங்கி எனக்குள் ஒரு சில்லுக் கழன்றது.

“தம்பி, ஒரு பிளேன்ரீ. சீனி குறைச்சு.” வாங்கில் என் பக்கத்தில் இருந்தார். “பரமலிங்கம் எண்டு நடிக்கிறவர் ஒருத்தர் இஞ்சை எங்கையோ இருக்கிறாராம். தெரியுமோ?”

இராசன் வாயைத் திறந்தார். நான் பத்திரிகைக்கு மேலால் அவரைப் பார்த்தேன். சின்னத்துரையின் பார்வை. நிரோஜன் அதற்கு மூன்று டேக் எடுப்பார்; இராசனுக்கு ஒரே டேக்கில் விளங்கியது.

“உவரைக் கேளுங்கோ ஐயா,” என்றார். “உவருக்கு முழுச் சரித்திரமும் தெரியும்.” சொல்லிவிட்டுத் திரும்பி நின்று, கழுவிய குவளைகளையே மறுபடி கழுவினார்.

நான் எழும்பிப் போயிருக்கலாம். “நான்தான் ஐயா அந்தப் பரமலிங்கம்” என்றும் சொல்லியிருக்கலாம். ஒரு நடிகனிடம் வந்து, அவனைப் பற்றி அவனிடமே கேட்கிறார்கள். இப்படி ஒரு காட்சியை எந்த இயக்குநரும் எனக்குத் தரப்போவதில்லை. மகளின் வாழ்க்கை அந்த வாங்கில் இருக்கிறது என்பது தெரிந்தும் விட மனம் வரவில்லை. இதைப் பெருமையாக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

“நீங்கள்?” என்று கேட்டார்.

“தம்பிராசா,” என்றேன். பக்கத்து வளவுக்காரரின் பெயர் அது. குரலையும் அவருடைய குரலாக மூக்குக்குள் ஏற்றிக்கொண்டேன். “பரமலிங்கம் எங்கடை பக்கத்து வளவு.”

“நல்லதாய்ப் போச்சு. எப்பிடி ஆள்?”

“தங்கமான மனிசன் ஐயா. வெள்ளிக்கிழமையிலை கோயில் தவறவிடமாட்டார்.”

“ம்.”

“ஒரு துளி குடி இல்லை.”

“ம்.”

“மனிசியின்ரை சொல்லைத் தட்டினதே இல்லை.”

“ம்.”

“ஊரிலை ஒருத்தரோடையும் பகை இல்லை.”

தேத்தண்ணி ஆவிக்கு என் கண்ணாடி மங்கிக்கொண்டே இருந்தது. அவருடைய ஒவ்வொரு ‘ம்’மும் முந்தினதைவிடக் கீழே இறங்கியது. பிளேன்ரீயைப் பாதியில் வைத்தார். குடையை எடுத்தார். யாழ்ப்பாணப் பக்கமிருந்து திரும்புகிற பஸ் தூரத்தில் தெரிந்தது.

அப்போதுதான் என் பிழை விளங்கியது. விசாரிக்கப் போன இடத்தில் ஒருவரைப் பற்றி நல்லது மட்டும் சொன்னால் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். சொல்கிறவர் சொந்தக்காரர், இல்லாவிட்டால் மறைக்கப் பெரிதாக ஏதோ இருக்கிறது. நீதிமன்றத்திலும் அப்படித்தான், ஒரு குறையும் சொல்லாத சாட்சியை எந்த நீதவானும் முழுதாக நம்பி நான் பார்த்ததில்லை. சாமி அறையில் கும்பிடுகிற நல்ல குணத்தைச் சின்னத்துரைக்குக் கொடுத்த எனக்கு, பரமலிங்கத்துக்கு நாலு குறை கொடுக்கத் தோன்றவில்லை.

“ஆனால் ஐயா,” என்றேன். “ஒண்டு சொல்லவேணும்.”

குடை வாங்கில் திரும்ப வைக்கப்பட்டது.

“ஆள் கோவக்காரன். கறியிலை உப்புக் குறைஞ்சால், பேப்பருக்கு வந்த பிரதியைத் திருத்திற மாதிரித் திருத்துவார். மனிசி பாவம்.”

“பேந்து?”

“இரவல் வாங்கின சாமான் திரும்பி வராது. என்ரை ஏணி ஒண்டு ரண்டு வருசமாய் அங்கைதான் நிக்குது.”

“பேந்து?”

“கோயில் கூட்டத்திலை கேள்வி கேட்டுக் கேட்டு, இப்ப அவருக்குக் கூட்ட அறிவித்தலே குடுக்கிறேல்லை.”

“ஒருத்தரோடையும் பகை இல்லை எண்டு இப்பத்தானே சொன்னியள்?”

“பகை இல்லை ஐயா. அறிவித்தல்தான் இல்லை.”

இராசனின் முதுகு குலுங்கியது. மாஸ்டர் பிளேன்ரீயைத் திரும்ப எடுத்தார். முகம் தெளிந்து வந்தது. நான் இறங்க இறங்க அவர் ஏறிக்கொண்டிருந்தார்.

“அப்ப காணி விசயம்?” என்றார் மெல்ல. “நாடகத்திலை செய்யிற மாதிரி ஏதும்?”

இராசன் குவளை கழுவுவதை நிறுத்தினார். இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அந்த மனிதர் உடுப்பிட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பதிலும் தெரியும். அந்தப் பதிலை நான் இதுவரை எவருக்கும் சொன்னதில்லை.

“ஒரு கதியால் தள்ளினவர்,” என்றேன்.

வேலிக்கு நடுகிற உயிர்த்தடியைத்தான் கதியால் என்போம். அதைக் கொஞ்சம் அடுத்தவன் பக்கம் தள்ளி நட்டால் எல்லையும் கொஞ்சம் நகரும். எங்கள் ஊர்களில் தலைமுறைப் பகைகள் ஒரு சாண் அகலத்தில் தொடங்கியிருக்கின்றன.

“எப்ப?”

“வேலி புதுசாய் அடைக்கேக்கை. எங்கடை பக்கம் ஒரு சாண். விடிய மனிசி கண்டிட்டுப் பேசின பேச்சிலை, பிடுங்கித் திருப்பிப் பழைய இடத்திலை நட்டவர். கதியால் பட்டுப்போச்சு.”

கந்தவனம் மாஸ்டர் முதல்முறையாகச் சிரித்தார். “பட்டுத்தானே போகும். துளிர்க்கிறதுக்கு விட்டால்தானே.” குவளையைக் காலி செய்தார். எழும்பும்போது கேட்டார்: “பிள்ளை எப்பிடி?”

“பிள்ளை தேப்பனைப் போலை இல்லை ஐயா.”

யோசிக்காமல் வந்த பதில். எந்தக் குரலில் சொன்னேன் என்றுகூடத் தெரியவில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு போனார். பஸ் தரிப்பிடத்துக்கு அல்ல, எங்கள் வீட்டுப் பக்கம் போகிற ஒழுங்கைக்குள். இன்னும் இரண்டு இடத்தில் கேட்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

6. வேலிக்கு மேலால்

இராசன் மத்தியானத்துக்குள் மங்கையிடம் சொல்லிவிட்டார். மங்கை பின்னேரம் அபிராமியிடம் சொன்னாள்.

“உங்களைப் பற்றி நீங்களே கோள் சொல்லியிருக்கிறியள்,” என்றாள் மகள். “அதுவும் ஆரிட்டை? அந்தக் கதியால் கதை எனக்கே தெரியாது, அப்பா!” அதன்பிறகு சாப்பாட்டுக் கோப்பையை என் முன்னால் வைக்கிற சத்தத்தில் எல்லாம் இருந்தது. ஒன்பது நாட்கள் உடுப்பிட்டியிலிருந்து செய்தி இல்லை. எதிர் மேசைக்காரனும் ஒன்றும் தெரியாது என்றானாம். மங்கை ஏணியைத் துடைத்துத் தம்பிராசா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளால் முடிந்த பரிகாரம் அது.

பத்தாம் நாள் அழைப்பு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

பெரியப்பா, தாய், சுதர்சன், மூன்று பேர். எனக்கு ஒளிக்க இடமில்லை. படலையைத் திறந்து, என் சொந்தக் குரலில் “வாங்கோ, வாங்கோ” என்றேன். அந்தக் குரலைக் கேட்டதும் தாய் ஒரு அடி பின்னால் வைத்தார். கந்தவனம் மாஸ்டர் என்னை முன்பின் பார்த்திராதவர்போலக் கையைக் குவித்தார். முகத்தில் ஒரு தசை அசையவில்லை. கண் மங்கல்போல, தப்பினேன் என்று நினைத்தேன்.

விறாந்தையில் இருந்தோம். பலகாரம் வந்தது. மாஸ்டர் முறுக்கைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“தம்பிராசா எப்பிடி இருக்கிறார்?”

நான் வாயைத் திறப்பதற்குள் வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. உண்மையான தம்பிராசா.

“மாஸ்டர், வந்திட்டியளோ! போகேக்கை இஞ்சாலையும் ஒருக்கா வாங்கோ. ஏணி வந்திட்டுது!”

இவர்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே பழக்கம். ஒழுங்கைக்குள் நடந்த குடை எங்கே போனது என்று அப்போதுதான் விளங்கியது. என் கை தானாக மேலே போனது. கண்ணாடியைக் கழற்றினேன். மற்றக் கை சட்டைப் பைக்குள் லேஞ்சியைத் தேடியது.

“துடையாதேங்கோ,” என்றார் மாஸ்டர். “இப்ப பொய் ஒண்டும் தேவைப்படாது.”

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். லேஞ்சி பாதி வெளியே வந்திருந்தது. சுதர்சனின் தாய் முதலில் சிரித்தார். சிரிப்பை நிறுத்த முடியாமல் சேலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஐயோ, இது வெறும் பழக்கதோசமாக்கும்” என்றார். அபிராமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் விளக்கினார். அவருடைய மனைவி தொடரை ஒரு பகுதியும் விடமாட்டாராம். அவர் பக்கத்தில் பத்திரிகையோடு இருப்பாராம். “முப்பது வருசம் பரீட்சை மண்டபத்திலை மேற்பார்வை பாத்தவன் நான். முகத்தைப் பாத்துக் கொப்பியடிக்கிறவனைப் பிடிக்கேலாது. கையைப் பாக்கவேணும். முதல் துடைப்பிலை சந்தேகம் வந்தது. ரண்டாவதிலை தெரிஞ்சுபோச்சு. பேந்து உண்மையான தம்பிராசாவையும் போய்க் கண்டனான்.”

“என்ன சொன்னவர்?” என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

“கதியால் கதையைச் சொன்னவர். அவரின்ரை கணக்கிலை ரண்டு கதியால்.”

“ஒண்டுதான்!” என்றேன்.

“ரண்டு!” என்றது வேலி.

7. படலையடியில்

பொருத்தம் பார்த்து, நாள் குறித்து, எல்லோரும் எழும்பியபோது, மாஸ்டர் என்னோடு படலைவரை தனியே நடந்தார். குடையைக் கைமாற்றிக்கொண்டார்.

“உங்களிட்டை ஒரு விசயம் சொல்லவேணும். அண்டைக்குக் கடையிலை நீங்கள் நாலு நல்ல விசயம் சொன்னியள். கோயில், குடி, மனிசி, பகை. நாலுக்கும் கண்ணாடி துடைச்சியள்.”

“அது தேத்தண்ணி ஆவிக்கு...”

“கேளுங்கோ. பேந்து குறை சொன்னியள். கோவம், ஏணி, கூட்டம், கதியால். ஒண்டுக்கும் துடைக்கேல்லை. அப்ப இந்த மனிசனுக்குப் பொய் சொல்லத் தெரியும், ஆனால் தன்ரை குறையிலை பொய் சொல்லத் தெரியாது எண்டு விளங்கிச்சுது. சம்பந்திக்கு அது போதும். எண்டாலும் நான் அப்ப முடிவெடுக்கேல்லை.”

“எப்ப எடுத்தனீங்கள்?”

“பிள்ளையைப் பற்றிக் கேட்டன். தேப்பனைப் போலை இல்லை எண்டு சொன்னியள். அப்ப உங்கடை கை ரண்டும் மடியிலை கிடந்தது. குரலும் தம்பிராசாவின்ரை இல்லை.”

குடையை விரித்தார்.

இதிலிருந்து நான் கற்றதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். குரலை மாற்றலாம், முடியை மாற்றலாம். பாத்திரத்துக்கு ஒரு பழக்கத்தைக் கொடுக்கும்போது, அது வேலை முடிந்ததும் செட்டில் நிற்காது, உங்களோடு பஸ் ஏறி வீட்டுக்கு வரும் என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் ஊரைப் பார்க்கிறீர்கள் என்று இருப்பீர்கள். ஊர் பக்கத்து வாங்கில் இருந்து உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கல்யாணம் முடிந்துவிட்டது. மருமகனின் தாய் இப்போது தொடரை எனக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கிறார். வீட்டில் நான் கண்ணாடியைக் கழற்றினால், மங்கை “எதைப் பற்றி?” என்று கேட்கிறாள். பட்ட கதியாலின் இடத்தில் தம்பிராசாவும் நானும் சேர்ந்து புதிது நட்டோம். எத்தனை என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை.

இதை எழுதும்போது மூன்று தரம் கண்ணாடி துடைத்தேன். எந்தெந்த இடத்தில் என்று சொல்லமாட்டேன்.